தோழியிடம் கேட்காத கடிதம்

வேலை கொடுக்கிறவர்களுக்கு என்னைக் கண்டால் பிடிக்காது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டு வயது முடிந்து வெளியே போகிற பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுப்பது, ஓய்வுபெற்ற பிறகு நானாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட காரியம். அதற்கு முன் முப்பது வருடம் ஒரு கம்பனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்தேன். முதலாளிமார் என்னென்ன சொல்லி ஏய்ப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அவற்றில் பாதியை அவர்கள் சார்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு பிள்ளையை ஓரிடத்துக்கு அனுப்புமுன் நான் அங்கே போவேன். பிள்ளை உட்காரப் போகிற கதிரையில் உட்கார்ந்து பார்ப்பேன். கழிவறை எங்கே என்று கேட்டு, அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு தரம் போய் வருவேன். உள்ளே பூட்ட முடியாத கழிவறை உள்ள கடைக்கு நான் பிள்ளை கொடுப்பதில்லை. பிறகு நியமனக் கடிதம். என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுவீர்கள், லீவு எந்த நாள், சேமலாப நிதிக்குப் பணம் எப்போதிலிருந்து கட்டுவீர்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும். கடிதம் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு முகம் சுருங்கும். "என்ன மிஸ், நாங்க அந்தப் பிள்ளைய எங்கட சொந்தப் பிள்ளை மாதிரிப் பாப்பம்" என்பார்கள். "சொந்தப் பிள்ளை மாதிரி வேண்டாம். வேலைக்கு வந்த ஆள் மாதிரிப் பாருங்கோ, அது காணும்" என்பேன். இல்லத்துக்குப் பொறுப்பான சிஸ்டர், "உங்களுக்கு வாய் கொஞ்சம் கூட" என்று சிரிப்பார்.

வாய் கூடத்தான். ஆனால் காரணம் இருக்கிறது. இல்லத்துப் பிள்ளையை வீட்டுப் பிள்ளையாக எடுப்பது எங்கள் ஆட்களிடம் வெகுகாலமாக உள்ள பழக்கம். வயிறாரச் சாப்பாடு, நல்ல நாளுக்குப் புது உடுப்பு, வசதிப்பட்டால் ஒரு கல்யாணம். வெளியிலிருந்து பார்த்தால் தர்மம். உள்ளே அந்தப் பிள்ளை சமையலும் கழுவலுமாகக் குசினியில் நிற்பாள். இருபத்தெட்டு வயதில் வெளியே வந்து இன்னொரு வேலைக்குப் படிவம் நிரப்பும்போது, பத்து வருடம் எங்கே என்ன செய்தாய் என்ற கேள்விக்கு எழுத அவளிடம் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் தெரிந்த நான்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவளை ஆறு வயதில் மலையகத்திலிருந்து யாரோ கொண்டுவந்து இல்லத்தில் விட்டார்கள். அதற்குப் பிறகு அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஒல்லியான உடம்பு, கூரான கண். சாதாரண தரப் பரீட்சையில் நல்லபடி சித்தியடைந்தவள். சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். இல்லத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கும் பொறுப்பைச் சிஸ்டர் அவளிடம்தான் விட்டிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாணி மருந்து, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பாள். டொக்டர் எழுதிய துண்டை சிஸ்டரே வாசிக்கத் திணறினால் அவளைத்தான் கூப்பிடுவார். என்ன வேலைக்கு ஆசை என்று நான் கேட்டபோது யோசிக்கவே இல்லை.

"பார்மசில கவுண்டருக்குப் பின்னால நிக்கணும் மிஸ்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துக்கடை உதவியாளர்களுக்கு ஒரு வருட வகுப்பு நடக்கிறது. ஏற்கெனவே ஒரு பார்மசியில் வேலை செய்கிறவர்களைத்தான் சேர்ப்பார்கள். அதற்கான படிவத்தை எங்கோ தேடிப் பிடித்து, வேலை செய்யும் இடம் என்ற ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, மற்றதையெல்லாம் அழகான எழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். அந்த வகுப்பை முடித்தால் அவளுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கும். எந்த ஊரிலும் எவரையும் அண்டாமல் பிழைத்துக்கொள்வாள். இல்லத்தில் அவளுடைய கட்டிலுக்காக இன்னொரு பிள்ளை காத்திருந்தது. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் கட்டத்தை நிரப்ப என்னிடம் ஓரிடம் இருந்தது. வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் வீதியில் என் தோழியின் கணவர் பார்மசி வைத்திருக்கிறார்.

தோழி என்றால் சும்மா தோழி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். என் கணவர் போன பிறகு ஒரு மாதம் தன் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டில் வந்து படுத்தவள் அவள். என் தலையைப் பிடித்து வைத்துச் சோறு தீத்தியவள். ஆகவே அவள் தொலைபேசியில், "எங்கட கடைக்கு ஒரு பிள்ளை வேணும். உன்ர பிள்ளையளில கெட்டிக்காரியா ஒண்டத் தாவன்" என்றபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அறைக்கும் அலைய வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கையில் அவர்கள் வீடு. மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, பிள்ளை அதில் தங்கட்டும் என்றாள்.

வேலை பற்றிப் பேச அவள் வீட்டுக்குப் போனேன். கடையின் கதிரையில் உட்கார்ந்து பார்க்கவில்லை. கைப்பையில் கடிதத்தின் மாதிரி இருந்தது. எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதுபோலத்தான் கொண்டுபோயிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துப் போட்டேன். அப்போது அவள் பிளேன்டீயும் எனக்குப் பிடித்த பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தாள். ஐம்பது வருடப் பழக்கத்தில் ஒருத்தியிடம் போய், இதில் ஒரு கையெழுத்துப் போடு என்று எப்படிக் கேட்பது? அவள் சமைத்ததைச் சாப்பிடுமுன் மோந்து பார்ப்பது போல இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

"நீ ஒண்டுக்கும் யோசியாத. எங்கட பிள்ளை மாதிரிப் பாப்பன்" என்றாள்.

ஊரெல்லாம் இதற்குப் பதில் வைத்திருக்கும் எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றிகூடச் சொன்னேன்.

முதல் வாரம் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு கிழவருக்கு எந்தக் குளிசையை எப்போது விழுங்குவது என்று சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். கிழவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் பொறுமையாகச் சொன்னாள். ஒரு படம் எடுத்துச் சிஸ்டருக்கு அனுப்பினேன். அடுத்த கிழமை நான் மகனிடம் கனடா போய்விட்டேன். ஐந்து மாதம் நின்றேன்.

அங்கே இருக்கும்போது பிள்ளை இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் முறை நான்தான் அதிகம் பேசினேன். கடை எப்படி என்றேன், நல்லம் மிஸ் என்றாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. மருந்து வாங்க வந்தவர்களின் குழந்தையாக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது முறை கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மிஸ், ஞாயித்துக்கெழம கிளாசுக்கு என்னய விடச் சொல்லி அன்ட்டிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

"அதை நீயே கேக்க வேணும் பிள்ளை. வேலைக்குப் போற ஆள் தன்ர வாயால கேக்கப் பழக வேணும்" என்றேன்.

"சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள். நான் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மகனுக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லிக் காட்டினேன். பிள்ளைகளைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது எப்படி என்று ஒரு சின்னப் பிரசங்கமே நடந்தது. இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நான் திரும்பி வந்த கிழமை இல்லத்தின் ஆண்டு விழா. பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து ஆதரிக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு வருடமும் மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். இந்த முறை தோழியின் பெயரை நான்தான் கனடாவிலிருந்தே சொல்லியிருந்தேன். வாழ்த்துரையையும் நானே எழுதினேன். மூன்று பந்தி. எழுதுமுன் கடைக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். பயணக் களைப்பு, கால் வீக்கம், மழை என்று ஆயிரம் சாட்டு இருந்தது. உண்மை என்னவென்றால், தோழியின் கடையைப் போய்ச் சோதிக்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. அந்த முதல் வாரப் படத்தை எடுத்துப் பார்த்து, அதை வைத்தே எழுதிவிட்டேன்.

விழாவன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. தோழி அரக்குப் பட்டில் மேடையில் இருந்தாள். கணவரும், பிரசவத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் மகளும் முன்வரிசையில். நான் ஒலிவாங்கியில் முதல் பந்தியை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குழந்தை அழுதது. தோழியின் மகள் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, விரல்களை வெளிப்பக்கமாக இரண்டு தரம் அசைத்தாள். கொண்டு போ என்று. வீட்டில் நிற்கும் ஆட்களுக்குக் காட்டுகிற சைகை அது. அதைக் காட்டுகிற வீடுகளில்தான் நானும் வளர்ந்தேன்.

கடைசி வரிசையில் என் பிள்ளை, நான் கடைக்குக் கொடுத்தவள், எழுந்தாள். ஒரு தோளில் குழந்தை, மற்றத் தோளில் பால் போத்தலும் நாப்கினும் அடைத்த பை, கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். குழந்தையின் தலையைத் தாங்கிய விதம், பையை இடுப்பால் தள்ளிக்கொண்டு வரிசைக்குள்ளிருந்து வெளியே வந்த விதம், எல்லாம் பல மாதப் பழக்கம். வாசலில் நின்று ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு விறாந்தைக்குப் போய்விட்டாள்.

எனக்கு விளங்காமல் இல்லை. முழுவதும் விளங்கிவிட்டது. இன்னும் இரண்டு பந்தி இருந்தது.

நிறுத்தியிருக்கலாம். தாளை மடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆட்கள் நிறைந்த சபை, மேடையில் பாதர், பொன்னாடையைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் வாசித்தேன். அனாதரவான ஒரு பிள்ளையைத் தன் சொந்தப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்ட தாயுள்ளம் என்ற இடத்தில் குரல் தடுமாறியது. உருகிப் போனேன் என்று சபை நினைத்திருக்க வேண்டும், கைதட்டினார்கள். விறாந்தையிலும் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முடியும்வரை வாசித்தேன்.

விழா முடிந்து ரோல்ஸும் கேக்கும் பரிமாறும் இடத்தில் தோழியை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பொன்னாடை இன்னும் அவள் தோளில் இருந்தது.

"அந்தப் பிள்ளை எத்தனை நாள் கடையில நிண்டவள்?"

"ஏன்டி இப்பிடிக் கத்துறாய்? ரெண்டு கிழமை நிண்டவள். பிறகு மகள் வந்திட்டாள், வீட்டில நிண்ட மனுசியும் விட்டிட்டுப் போயிட்டுது. நான் என்ன செய்யிறது? கைப்பிள்ளையோட நான் ஒருத்தி மாரடிக்கிறதே?"

"கடை வேலைக்கெண்டு தந்த பிள்ளை அவள்."

"கடை என்ன பெரிய கடை! கண்ட கண்ட ஆம்பிளையள் வந்து போற இடம். வீட்டில பாதுகாப்பா இருக்கிறாள். நாங்க சாப்பிடுறதத்தான் சாப்பிடுறாள். சம்பளம் ஒழுங்காக் குடுக்கிறன். கேட்டுப் பார், ஒரு குறை சொல்ல மாட்டாள்."

"வகுப்புக்கு விட்டனியே?"

"ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆக்கள். எப்பிடி விடுறது?"

நான் இன்னும் சத்தமாக ஏதோ சொன்னேன். ஏமாத்திப் போட்டாய் என்று சொன்னதாக ஞாபகம். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே மனம் நொந்தவளாகத்தான் சொன்னாள்.

"நீ எல்லாரிட்டையும் கடிதம் கேக்கிறனி எண்டு எனக்குத் தெரியாதே? ஊருக்கே தெரியும். என்னட்ட நீ கேக்கேல்ல. அப்ப உனக்கும் இது சரி எண்டுதானே நான் நினைச்சன்?"

அந்தப் பேச்சு இன்றைக்கும் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அவள் பொய் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

பிள்ளை இல்லத்துக் குசினியில், தனக்குப் பழக்கமான அதே குழாயடியில், பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் ஒரு பாயில் கிடந்தது. வா போவம், இனி அங்கே போக வேண்டாம், உன் சாமான்களை நான் எடுப்பிக்கிறேன் என்று படபடவென்று சொன்னேன். அவள் போத்தலை உதறிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்ல? வீட்டு வேலைக்கு மாத்திப் போட்டாங்கள் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மிஸ். அன்ட்டி ஒங்க கூட்டாளின்னு சொன்னீங்க. கிளாசுக்குக் கேட்டப்பவும் நீயே கேளுன்னுட்டீங்க. கேட்டேன். அன்ட்டி சிரிச்சாங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் கண்டனான்."

"ஆமா மிஸ். என்னயப் பார்த்தீங்க தானே? பார்த்துட்டுத்தானே மிச்சத்தயும் வாசிச்சீங்க?"

குரலில் சண்டை இல்லை. மருந்து எத்தனை வேளை என்று கேட்பதுபோலக் கேட்டாள். அழுதது நான்தான். அவள் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, சிஸ்டரிடம் ஒரு கிழமை மட்டும் தங்க இடம் தருவீர்களா என்று தன் வாயால் கேட்டாள். என்னோடு வரவில்லை. இல்லத்தில் அப்படி யாரையும் தங்கவைக்க விதி கிடையாது. சிஸ்டர் தையல் அறையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த நாள் தோழி சாரதியிடம் அவளுடைய பையைக் கொடுத்து அனுப்பினாள். உடுப்புகளெல்லாம் தோய்த்து அயர்ன் பண்ணி அடுக்கியிருந்ததாம். எங்கள் பள்ளி வட்சப் குழுவில் பொன்னாடைப் படங்களைப் போட்டிருந்தாள். கீழே பூவும் இதயமுமாகக் குவிந்துகொண்டிருந்தது. நான் குழுவிலிருந்து விலகினேன். சற்று நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "ஒரு வேலைக்காரப் பெட்டைக்காக ஐம்பது வருசத்த எறிஞ்சு போட்டாய் என்ன." சொந்தப் பிள்ளை என்று மேடையில் வாழ்த்து வாங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஒழுங்கை முகப்பில் அவளுடைய வான் வண்டி வந்தால் நான் கடைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வேன். என் கணவர் செத்தபோதுகூட எனக்குத் தலை சாய்க்க ஒரு மடி இருந்தது, இப்போது இல்லை. அந்தக் கோபமும் அவள்மேல் இருக்கிறது.

பிள்ளை அந்த ஒரு கிழமைக்குள் வத்தளையில் ஒரு பார்மசியில் வேலை எடுத்துவிட்டாள். இல்லத்தில் அவளோடு வளர்ந்த ஒருத்தி ஹெந்தளையில் வாடகைக்கு இருக்கிறாள், இருவருமாக அறையைப் பகிர்ந்துகொண்டார்கள். கடிதம் கேட்டாளாம், முதலாளி தந்தாராம். விண்ணப்பத்தில் தன்னை அறிந்தவர் என்ற இடத்தில் சிஸ்டரைப் போட்டிருக்கிறாள். வகுப்பு அந்த வருடத்துக்குப் போனது போனதுதான், அடுத்த வருடம் சேர்கிறாள். இவ்வளவையும் எனக்குச் சொன்னது சிஸ்டர். அவள் என் அழைப்புகளை எடுப்பதில்லை.

எந்தக் கடை, நான் ஒரு தரம் போய்ப் பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் கெஞ்சினேன். கதிரை, கழிவறை எல்லாம் பார்க்க வேண்டும் என்று சாட்டுச் சொன்னேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றார். அடுத்த முறை போனபோது, சொல்ல விருப்பமில்லாமல் கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

"கோவிக்காதீங்க மிஸ். அவள் சொன்ன மாதிரியே சொல்றேன். மிஸ் மருந்து வாங்க வந்தா குடுப்பேன், எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி. வேற ஒண்ணுக்கும் வர வேணாம்னு சொல்லுங்க எண்டாள்."

கடையின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார். எனக்குப் பிரஷருக்கு மாதம் ஒரு மருந்துத் துண்டு இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.